ஐந்துக்கு அப்புறம்

முதல் கட்டிலில் மிக். துறைமுகத்தில் சரக்கு ஏற்றியவர், நுரையீரல் கெட்டுவிட்டது. இரண்டாவதில் கிழவர் டொனால்ட். முதல் உலக யுத்தத்துக்குப் போனவர், காது கேட்காது. மூன்றாவது கட்டில் காலி. நான்காவதில் ரான். ஆட்டுப் பண்ணைக்காரர், முழங்காலில் ஆபரேஷன். ஐந்தாவதில் லென். கட்டிலோரத்து நாற்காலியில் லென்னுடைய மனைவி ஜாய்ஸ், கோட்டைக்கூடக் கழற்றாமல். கதவுப் பக்கம் வார்டுப் பொறுப்பாளர் சிஸ்டர் டாயில். பிறகு நான், ஆர்டர்லி.

லென் கட்டிலை விட்டு இறங்கி, விறைத்து நின்று, "இச்சி!" என்று கத்தியபோது இருந்தவர்கள் இவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒரு பேராசிரியர் பேசினார். இரண்டாம் உலக யுத்தம் ஏன் வந்தது என்று பேச்சு. ஜெர்மனியில் ஒருவன், இத்தாலியில் ஒருவன், ஜப்பானில் பட்டாளம், இப்படி அடித்துப் பிடிக்கிறவர்கள் ஒரு பக்கம். நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொண்ட நாடுகள் மறுபக்கம். இரண்டும் சேர்ந்துதான் யுத்தம் என்றார். சரியாகத்தான் சொன்னார். கூட்டம் முடிந்ததும் செயலாளர் தம்பி வந்து, "அங்கிள், நீங்க அப்போ மலாயாவுல இருந்தவங்கதானே. ரிட்டயரும் ஆயிட்டீங்க. மலருக்கு ஏதாவது எழுதுங்க" என்றார். நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. எழுதிப் பழக்கம் இல்லை. வேலையில் நடந்தது ஒன்றை எழுதுகிறேன். மெல்பர்னில், எழுபதுகளின் நடுவில் நடந்தது.

என் மனைவி நர்ஸ். ஆஸ்திரேலியா கூப்பிட்டது அவளைத்தான். நான் அவள் பெட்டியோடு வந்தவன். பழைய சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். ஸ்பிரிங்வேலில் வீடு, ரயிலில் போய் வர வேண்டும். வேலை பழகச் சில வாரம். துணி மாற்றுவது, ஆளைப் புரட்டுவது, சவரம், மலச்சட்டி, செத்தவரைக் கழுவுவது. சன்னாசி என்ற என் பேர் அவர்கள் வாயில் சன்னி ஆயிற்று. நம் ஊரில் அது காய்ச்சல் முற்றினால் வருவது. யாரிடமும் சொல்லவில்லை.

சிஸ்டர் டாயில் மட்டும் மிஸ்டர் சன்னாசி என்பார். முழுப் பேரையும் சொல்ல இரண்டு நாள் பழகினார். குரல் உயர்த்த மாட்டார். விரிப்பின் மூலையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் அந்த மூலையை அப்படியே வெளியே தொங்கவிட்டுப் போவார். நாம் மறுபடி மடிக்க வேண்டும். திட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

லென் கத்துவதற்கு முந்தைய வாரம். டிவி அறையில் எல்லோரும் இருந்தார்கள். செய்தியில் ஒரு கப்பலைக் காட்டினார்கள். மேற்கே தோண்டிய இரும்புக் கல், ஜப்பானுக்குப் போகிறது.

"பாரு, மறுபடியும் அவனுக்கே இரும்பு" என்றார் மிக்.

"காசு கொடுக்கிறான், விக்கிறாங்க. உனக்கு எங்க குத்துது?" என்றார் ரான்.

"சண்டைக்கு முன்னாலயே குத்துச்சு. ஜப்பானுக்கு இரும்பு ஏத்த மாட்டோம்னு நாங்க துறைமுகத்துக்காரங்க ஸ்டிரைக்ல உட்கார்ந்தோம். இன்னைக்கு இது சீனாக்காரன் தலையில விழும், நாளைக்கு நம்ம தலையில விழும்னோம். கவர்மெண்ட் கேக்கல. வயித்துல அடிச்சு ஏத்த வச்சாங்க."

"எங்கப்பா கம்பளி வித்தார். நல்ல விலை. சீனா எந்தப் பக்கம்னுகூட எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது."

"அப்புறமாவது தெரிஞ்சுதா?"

"சீனா தெரியல. சயாம் தெரிஞ்சுது."

ரான் சயாமில் ஜப்பானிடம் கைதியாக இருந்தவர் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். கிழவர் டொனால்ட் டிவியைப் பார்த்தபடியே, "யார் ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டார். ஃபுட்டி மேட்ச் என்று நினைத்துவிட்டார். மிக் அவர் காதில், "ஆட்டுக்காரங்க!" என்று கத்தினார். ரானே சிரித்தார்.

"சண்டையப்போ நீ எங்க இருந்த, சன்னி?" என்று மிக் என்னைக் கேட்டார்.

"மலாயா."

"மலாயாவுல எங்க?"

"ரப்பர்த் தோட்டம்."

அதோடு விட்டேன். அவர்கள் கதை மாதிரியே எங்களிடமும் ஒன்று உண்டு. எங்கள் டவுனில் ஒரு சீனர் மளிகைக் கடை. ஜப்பான்காரன் சீனாவில் புகுந்த நாளிலிருந்து அந்தத் தவுக்கே, கடை முதலாளி, ஜப்பான் சாமான் விற்கவில்லை. மேசையில் ஒரு தகர டின் வைத்து, சீனாவுக்கு என்று காசு கேட்பார். என் அப்பாவிடமும் கேட்டார். "இன்னைக்கு எங்களை அடிக்கிறான், நாளைக்கு நீ" என்று மலாயில் சொன்னார். அப்பா, "அது உங்க சண்டை தவுக்கே. எங்களுக்கென்ன?" என்றார். சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அங்கே ஜப்பான் சட்டை பாதி விலை. எங்கள் லயத்தில் பாதிப் பேர் அந்த வருஷம் தீபாவளிக்கு அதைத்தான் போட்டார்கள். கங்காணி தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டாராம், ஜப்பான்காரன் இங்கே வருவானா என்று. துரை சிரித்தாராம். அவன் வந்தபோது முதலில் கார் ஏறியது துரை. அப்பாவும் நானும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனோம். அப்பா அந்தச் சட்டையோடுதான் போனார். எனக்குப் பதினாறு வயது.

லென்னுக்கு வருகிறேன். குடலில் ஆபரேஷன். மூக்கில் ஒரு குழாய், கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. பிழைக்க மாட்டார் என்று டாக்டர் ஜாய்ஸிடம் சொல்லியாகிவிட்டது. பகலில் சாதுவாகப் படுத்திருப்பார். பொழுது சாயும்போது காய்ச்சல் ஏறும். ஏறினால் கட்டிலை விட்டு இறங்கிவிடுவார்.

அன்றைக்கு "இச்சி!" என்று கத்தியவர் காத்து நின்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கத்தினார். உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது. வரிசையில் யாரையோ தேடுகிற மாதிரி வலது பக்கம் திரும்பினார். குழாய்கள் பிடுங்கிக்கொண்டு வந்தன. தரையெல்லாம் ரத்தம். நானும் சிஸ்டரும் தூக்கிப் போட்டோம்.

டாக்டர் வந்து கையைக் கட்டச் சொன்னார். அதற்கென்று தோல் பட்டை உண்டு. உள்ளே ஆட்டு ரோமம் வைத்துத் தைத்தது. மணிக்கட்டில் மாட்டி, வாரைக் கட்டில் சட்டத்தில் இறுக்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் போகிற இடம் விட வேண்டும். விடாவிட்டால் கை நீலமாகும்.

ஜாய்ஸ் எழுந்து நின்றார். "கட்டாதீங்க. ஜப்பான்காரன் கேம்ப்ல அவரை மரத்துல கட்டி வச்சிருந்தாங்க. அதுல இருந்து அவர் கைக்கடிகாரம்கூடப் போடறதில்ல. எப்படியும் போகப் போறவர். கட்டாம போகட்டும்."

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் சொன்னார்: "நாளை ஒரு நாள் பார்க்கிறேன். மறுபடி பிடுங்கினால் கட்டுவேன், மிசஸ். எனக்குப் பிடிக்காது. ஆனால் கட்டுவேன்."

லென் எதற்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். அது தெங்கோ. தலை எண்ணுவது. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. வரிசையில் நின்று அவரவர் எண்ணை ஜப்பான் பாஷையில் கத்த வேண்டும். ஒன்று குறைந்தால் வரிசைக்கே அடி. எனக்கும் அந்த எண்கள் தெரியும். ரயில் பாதையில் மண் வெட்டிவிட்டு வந்த பையன்களை உட்காரவைத்து ஜப்பான்காரன் சொல்லிக் கொடுத்தான். அடியோடு படித்தது. மறக்காது.

மறுநாள் சாயங்காலம், சாப்பாட்டு வண்டி வருவதற்கு முன்னால், வயிற்றுக் குழாயைக் கவ்வி போட்டு அடைத்தேன். அதன் பையைப் பைஜாமாவில் ஊசி குத்தி மாட்டினேன். மருந்துக் கம்பத்தை வலது பக்கம் இழுத்து வைத்தேன். செருப்பைத் தயாராக வைத்தேன். லென் இறங்கினார். ஒரு கையால் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இச்சி!"

"நி" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார். "சான்" என்றேன், வேறு குரலில். "சி. கோ. ரொக்கு." பதினாலு வரை போனேன். அப்போதுதான் அவர் தோள் இறங்கியது; அவர் வரிசையில் பதினாலு பேர் போலிருக்கிறது. எண்ண வந்தவனுக்கு வணங்குகிற மாதிரி ஜன்னலைப் பார்த்துத் தலை குனிந்தார். தானாகத் திரும்பிப் படுத்துவிட்டார். குழாய் ஒன்றும் அசையவில்லை. ஜாய்ஸ் அழுதார். நான் கவ்வியைக் கழற்றினேன்.

கதவருகில் சிஸ்டர் நின்றிருந்தார்.

"அது என்ன மொழி, மிஸ்டர் சன்னாசி?"

"ஜப்பான், சிஸ்டர்."

"எவ்வளவு நேரம் ஆகிறது?"

"ஒரு நிமிஷம்."

மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் என்னால் கொடுக்க முடியும்" என்றார். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு அவரே வந்து கதவைச் சாத்துவார்.

இப்படி ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. லீவு நாளிலும் ரயில் ஏறிப் போனேன். "அந்தப் பாஷை பேசறதுக்கு ஞாயித்துக்கிழமை ரயிலு டிக்கெட்டா? நல்லா இருக்குங்க உங்க பொழப்பு" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே சோறு கட்டிக் கொடுத்தாள்.

மிக் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். "எனக்குச் சொல்லிக் கொடு. நீ வராத நாளு நான் பதில் சொல்றேன்."

"பதினாலு வரைக்கும் வேணும்."

"கப்பல்ல இருபது வகை மூட்டைக்குப் பேர் தெரியும்டா எனக்கு. சொல்லு."

விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தேன். இச்சி கட்டை விரல், நி ஆள்காட்டி விரல். இருமி இருமிப் படித்தார். கோ என்று சுண்டு விரலை மடக்கியதும், "ஒரு கை ஆச்சு. அடுத்த கை நாளைக்கு. வாத்தியாருக்கு டீ ஒண்ணு" என்றார். பக்கத்துக் கட்டில் டொனால்ட், மிக் விரலை மடக்குவதைப் பார்த்து, கைக்கு ஏதாவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டார்.

மறுநாள் காலை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சிஸ்டரும் வந்தார். மேசைக்குப் பின்னால் நிர்வாகத் தலைவர். புகார் வந்திருக்கிறது என்றார். தேசத்துக்காக அடிபட்டவர்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு ஆசியாக்காரன் எதிரியின் மொழியில் கத்துகிறான் என்று புகார். யார் கொடுத்தது என்று சொல்லவில்லை. இன்றுவரை தெரியாது.

"நான் அனுமதி கொடுத்தேன்" என்றார் சிஸ்டர்.

"அதைப் பிறகு பேசுவோம். இவர் இன்றிலிருந்து லாண்டரி."

"அப்படியானால் மாலையில் அவருக்கு யார் எண்ணுவது?"

"எண்ணுவது ஆஸ்பத்திரி வேலை இல்லை, சிஸ்டர்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த ஃபைலைத் திறந்துவிட்டார்.

லாண்டரிக்குப் போகும் வழியில் வார்டில் நுழைந்து ரானிடம் போனேன். அவர் நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் ரான், உங்களுக்கு அந்த எண்கள் தெரியும்."

பேப்பரை இறக்கவில்லை.

"சாயங்காலம் லென்னுக்குப் பதில் சொன்னா போதும். படுத்தபடியே சொல்லலாம். ஒரு நிமிஷம்."

"அது என் பாடு இல்ல, சன்னி. நான் எண்ண வேண்டியதை எண்ணி முடிச்சாச்சு."

"கட்டிப் போட்டுடுவாங்க."

"அதுக்கு டாக்டர் இருக்காரு, சிஸ்டர் இருக்காங்க. என்னை விடு."

போய்விட்டேன். அழுக்குத் துணியைப் பிரித்துப் போடும் வேலை. ரத்தம் ஒரு கூடை, மற்றது ஒரு கூடை.

அன்று மாலை நடந்ததை மிக் சொல்லித்தான் தெரியும். ஜாய்ஸ் அன்று வீட்டுக்குப் போயிருந்தாராம். நேரத்துக்குச் சிஸ்டர் வந்து கதவைச் சாத்தியிருக்கிறார். குழாயை அவரே அடைத்து, கம்பத்தை அவரே பிடித்திருக்கிறார். லென் "இச்சி" என்றதும் மிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து "நி" என்றிருக்கிறார். சான். சி. கோ. லென் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மிக் படித்த ஒரு கை முடிந்துவிட்டது.

"ரான், அஞ்சுக்கு அப்புறம் என்ன?" என்று மிக் கேட்டிருக்கிறார்.

ரான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாராம்.

"ரான், ஒரே ஒரு வார்த்தை. அஞ்சுக்கு அப்புறம்!"

ரான் பேசவில்லை. சிஸ்டரும் கேட்டிருக்கிறார், மிஸ்டர் ரான் என்று. பேசவில்லை. மிக் ஆங்கிலத்தில் "ஆறு" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அது லென்னுக்குச் சேரவில்லை. ஆறாவது ஆள் எங்கே என்று லென் கேட்டிருக்கிறார். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்திருக்கிறார். பிறகு கதவைப் பார்த்து ஓடியிருக்கிறார். சிஸ்டரால் பிடிக்க முடியவில்லை. லென் கம்பத்தோடு விழுந்தார்.

சிஸ்டர் சொன்னபடி செய்தார். மறுநாள் என் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் சட்டத்தில். ஜாய்ஸ் பட்டைக்குள் தன் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோலில் படாமல் இருக்க. நான் லென் காதருகில் குனிந்து மெதுவாகப் பதினாலு வரை சொன்னேன். கேட்டதா என்று தெரியாது. மருந்து நிறையக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் போய்விட்டார்.

சிஸ்டர் லாண்டரிக்கு ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். "மேலிடத்தில் கேட்கவில்லை. வாருங்கள்" என்றார். இரண்டு பேரும் கழுவினோம். முதலில் முகம். அப்புறம் கை. பட்டை இருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் மேலே பழைய தழும்பு, கயிறு அறுத்தது, கையைச் சுற்றி முழுக்க. சிஸ்டர் அதைப் பார்த்தார். துணியை நனைத்து, பிழிந்து, அந்த இடத்தை மறுபடி துடைத்தார். தேவை இல்லை. ஏற்கெனவே துடைத்தாயிற்று. தாடையைக் கட்டினோம். கையை மார்பில் வைக்கப் போனேன். "வேண்டாம். சேர்த்து வைக்க வேண்டாம். பக்கத்தில் தனித்தனியாக விடுங்கள்" என்றார்.

ஜாய்ஸ் உள்ளே வந்து, "கடைசியா அன்னைக்கு யாராவது எண்ணினாங்களா?" என்று கேட்டார்.

"மிக் எண்ணினார்" என்றார் சிஸ்டர். எது வரைக்கும் என்று சொல்லவில்லை. ஜாய்ஸ் போய் மிக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். மிக் தலையைத் தூக்கவே இல்லை.

என்னைத் திரும்ப வார்டுக்கு விட்டபோது ரானுக்கு வீட்டுக்குப் போகும் நாள். சக்கர நாற்காலியில் வைத்து டாக்சி வரைக்கும் தள்ளிப் போக வேண்டியது என் வேலை. நீளமான பாதை. பாதி தூரம் போயிருப்போம்.

"நீ என்னைத் தப்பா நினைக்கிற" என்றார்.

நான் தள்ளினேன்.

"வாயைத் திறந்தா நானும் அங்க போய் நிக்கணும். உனக்கு அது புரியாது. நீ எங்க கத்துக்கிட்ட அந்த எண்ணை? ஏதாவது கடையிலயா?"

"பாதையில."

"எந்தப் பாதை?"

"உங்க சயாம் ரயில் பாதைதான். மேல் பக்கம். எங்கப்பா அங்கதான் இருக்கார்."

அவர் கழுத்தைத் திருப்ப முயன்றார். முட்டி விடவில்லை. நான் நிற்கவில்லை. அவர் சொன்னது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அந்த இடத்தில்தான் ஒவ்வொரு மாலையும் போய் நின்றேன். எனக்கும் தூக்கம் போயிற்று. அது அவருக்குக் கணக்கில்லை, எனக்கும் இப்போது கணக்கில்லை. ஆனால் மன்னிக்கவில்லை. எழுதச் சொன்னார்கள், அதனால் எழுதுகிறேன்.

டாக்சி நின்றிருந்தது. டிரைவர் கதவைத் திறந்தார். ரான் ஏறவில்லை.

"எங்க ஆளு ஒவ்வொருத்தனுக்கும் அங்க கல்லு இருக்கு, பேரோட" என்றார். "உங்க ஆளுங்க எத்தனை பேர்?"

"எங்களை யாரும் எழுதி வைக்கல. காலரா வந்த குடிசையை அப்படியே கொளுத்துவாங்க. உள்ள எத்தனை பேர்னு பாக்க மாட்டாங்க."

"உங்க தோட்டத்து ஆளுங்க? அந்தக் கணக்காவது உனக்குத் தெரியுமே."

அது தெரியும். நான்தான் எண்ணினேன். சொன்னேன்.

போனது அறுபத்து மூன்று. வந்தது ஒன்பது.